ஊருக்கு இன்னுமொரு பேரங்காடியா?

வாலாசாபாத்திலிருந்து நம் இதழன்பர் ஒருவர் மடல் விடுத்துள்ளார். நெசவுக் குடியிற் பிறந்தவர்; இன்றும் வீட்டில் தறி வைத்திருப்பவர். வேண்டியதைத் தாமே எடுத்துக்கொண்டு வாயிலிற் பணம் செலுத்தும் பெருங்கடைகள் தம் ஊரில் முன்னமே உள்ளன என்றும், இப்பொழுது அவற்றினும் பெரிதாய் இன்னொன்று வரவிருப்பதாய்ப் பேச்சு அடிபடுகின்றது என்றும், இளையோர் அதனை வரவேற்க மூத்தோர் முணுமுணுக்கின்றனர் என்றும் எழுதுகின்றார். 'பெயர்ப்பலகை தமிழில் இருந்தாற் போதும், வரட்டும் என்று நம் இயக்கத்தாரே சிலர் கூறுகின்றனர். எம்மூர்க்கு இன்னுமொரு பேரங்காடி வேண்டுமா? தங்கள் கருத்தை அறிய விரும்புகின்றேன்' என்பது அவர் வினா. மடலின் ஓரத்தில் இன்னொரு சிறு வினாவும் உண்டு. அதனை ஈற்றிற் பார்ப்போம்.

தனிமடலில் நான்கு வரி எழுதி முடித்துவிடத் தக்க வினாவன்று இது. தமிழ்நாட்டின் நூற்றுக்கணக்கான பேரூர்கள் இன்று இதே வினாவின் முன் நிற்கின்றன. ஆகலின் இத்திங்கள் ஆசிரியவுரையையே அதற்கு விடையாக எழுதுகின்றோம்.

வாலாசாபாத்து பாலாற்றங்கரைப் பேரூர். காஞ்சிபுரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே தொடர்வண்டிப் பாதையில் அமைந்தது. அருகிலுள்ள அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை முதலிய ஊர்களில் தறியோசை இன்னும் அடங்கிவிடவில்லை. பக்கத்திலேயே பழைய சீவரம் என்னும் ஊர் தன் பழம்பெயரோடு வாழ, இவ்வூர் மட்டும் ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி வாலாசாவின் பெயரைச் சுமந்து நிற்கின்றது. அந்த நவாபைப் பற்றி இரண்டொரு சொல் கூறியாக வேண்டும். கும்பனிப் படையின் செலவுக்காகவும் தன் பகட்டுக்காகவும் அவன் வாழ்நாளெல்லாம் கடன்பட்டான். கும்பனிக்கு மட்டுமன்று, சென்னைக் கோட்டையிலிருந்த வெள்ளையர் பலர்க்குத் தனித்தனியாகவும் கடன்பட்டான். செங்கற்பட்டுச் சீமையை 1763இல் கும்பனிக்குச் சாகீராக விட்டுக்கொடுத்தான். அவன் கடன்களின் நாற்றம் இலண்டன் வரை வீசி, 1785இல் எட்மண்டு பர்க்கு அங்குள்ள நாடாளுமன்றத்தில் அவற்றைப் பற்றியே நெடும்பொழிவு ஆற்றினார். அவன் இறந்து ஆறாண்டு கழிவதற்குள், 1801இல், எஞ்சிய நாடும் கும்பனியின் கைக்குப் போயிற்று.

கடையைப் பற்றிக் கேட்டால் கடனைப் பற்றிக் கூறுகின்றீரே எனலாம். வினாவின் முடிச்சே அங்கேதான் இருக்கின்றது.

பட்டுச் சேலை நெய்பவர் நாட்கூலி பெறுபவரல்லர். திங்கட் சம்பளம் பெறுபவருமல்லர். பாவேற்றி, ஊடை ஓட்டி, கரையும் முந்தியும் கூட்டி, ஒரு சேலையை அறுத்துக் கொடுக்கப் பத்து நாளோ பதினைந்து நாளோ ஆகும். வேலைப்பாடு மிகுந்தால் அதனினும் மிகும். அறுத்துக் கொடுத்த பின்னரே கூலி கைக்கு வரும். மழைக்காலமாயின் தறிக்குழியில் நீர் ஊறும், தெருவிற் பாவு தோய்தல் இயலாது, வேலை நின்றுபோகும். அந்த இடைநாள்களில் அவ்வீட்டில் உலை எதனாற் கொதிக்கின்றது? தெருமுனை மளிகைக்கடையின் கணக்குப் பொத்தகத்தால் கொதிக்கின்றது. அரிசி இத்துணை, பருப்பு இத்துணை, எண்ணெய் இத்துணை என்று ஒரு பக்கம் நிரம்பும். சேலை அறுத்த அன்று அப்பக்கத்தின் மேல் ஒரு கோடு விழும். மறுநாள் புதுப்பக்கம் தொடங்கும். பல தலைமுறைகளாக நெசவுத் தெருக்களின் வயிறு இவ்வாறுதான் நிரம்பி வருகின்றது.

பேரங்காடியின் வாயிலில் இருக்கும் கணிப்பொறிக்கு, முத்தியால்பேட்டைத் தறியொன்றில் முக்காற் சேலை முடிந்திருக்கின்றது என்பது தெரியாது. மளிகைக்கடைக்காரர்க்குத் தெரியும். அந்த வீட்டில் மகப்பேறு எப்பொழுது, மகளுக்குத் திருமணம் எப்பொழுது, யார் நோயுற்றிருக்கின்றார் என்பதும் தெரியும். வங்கி கேட்கும் அடைமானச் சான்றுகளுக்கெல்லாம் ஈடாக அவர் வைத்திருப்பது இந்த அறிவு ஒன்றே. பெருங்கடை வந்து சிறுகடை மூடும்பொழுது ஊர் இழப்பது ஒரு கடையை என்று எண்ணுகின்றோம். உண்மையில் அடைமானம் கேளாத ஒரு கடனகத்தையும் உடன் இழக்கின்றது. அதற்கு ஈடாக அங்கே முளைப்பது அடகுக்கடையும் கைப்பேசி வழியாக நொடியிற் கடன் தரும் வட்டிக் கும்பலுமே.

இதற்கு மறுமொழியாக ஒன்று கூறுவர். நெசவாளர் தொகை குறைந்துவிட்டது. அவர் பிள்ளைகள் ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் பேருந்தேறித் தொழிற்சாலை வேலைக்குப் போகின்றனர். திங்கட் சம்பளம் வங்கியில் விழுகின்றது. அவர்கட்குக் கணக்குப் பொத்தகம் எதற்கு என்பர். பேரங்காடி தேடி வருவதும் அந்தச் சம்பளத்தையே. நெசவாளரின் தறிக்கூலியைத் தேடி எந்தப் பெருமுதலும் வாலாசாபாத்துக்கு வரவில்லை. ஆனால் அந்தத் திங்கட் சம்பளம் எத்துணை உறுதியானது? திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பெண்களே மிகுதியாக, வீட்டுக்குத் திரும்பினர். சம்பளம் நின்ற திங்களில் அட்டையைத் தேய்த்துப் பொருள் வாங்க இயலாது. அன்று அவர்கள் அரிசிக்கு யாரிடம் போயிருப்பார்கள் என்பதை அவரவர் தெருவை நினைத்துப் பார்த்தே அறியலாம்.

இன்னும் அண்மையிற் கண்டவற்றை மறந்தோமா? 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு, ஐந்நூறு ஆயிரம் உருபாத் தாள்கள் செல்லாவென்று நடுவணரசு அறிவித்தது. மறுநாட் காலையில் நாட்டுமக்கள் கையிலிருந்த பணத்தில் மிகப் பெரும்பகுதி வெறுந்தாளாயிற்று. அட்டையுள்ளவர் பெருங்கடைக்குப் போயினர். மற்றையோர்க்கு 'பிறகு கொடு' என்று கூறியவர் தெருக்கடைக்காரரே. 2020 மார்ச்சில் நாடு முழுதும் அடைக்கப்பட்டபோதும் அதுவே நிகழ்ந்தது.

சிறுகடையைப் பாராட்டிப் பாடுவது மட்டும் நம் நோக்கமன்று. அதன் அழுக்கையும் கூறியாக வேண்டும். எடையிற் குறைத்தவர் உண்டு; மிளகாய்த்தூளிற் செங்கற்பொடி கலந்தவர் உண்டு; கணக்குப் பொத்தகத்தில் ஒன்றை இரண்டாக்கி, எழுதப்படிக்கத் தெரியாத கிழவியை ஆண்டுக்கணக்கிற் கடனாளியாக வைத்திருந்தவரும் உண்டு. இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. நம் ஊர்க் கடைகளிற் பல, ஒடுக்கப்பட்ட மக்களைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திப் பொருளை எட்ட இருந்து போட்ட கடைகள். அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று குளிரூட்டிய கடைக்குள் யார் ஒப்புதலும் இன்றி நுழைந்து, எல்லாரும் தொடும் கூடையைத் தாமும் தொட்டு, எல்லாரும் நிற்கும் வரிசையில் தாமும் நிற்கின்றனர். அந்த மகிழ்ச்சியை 'அயல்மோகம்' என்று ஏளனம் செய்யும் உரிமை, திண்ணையைக் காத்துக்கொண்டிருந்த எவர்க்கும் இல்லை. பேரங்காடியை எதிர்க்கும் நம் தோழர்கள் முதற்கண் இதனை உணர்ந்து பேச வேண்டும். சாதியைக் கடையிலிருந்து நாமே வெளியேற்றியிருந்தால், அதனைச் செய்த புகழ் பெருமுதலுக்குப் போயிராது.

விலையைப் பொறித்து வைத்தல், வேண்டியதை எடுத்துப் பார்த்து வாங்குதல், பெண்கள் பிறர் பார்வைக்குக் கூசாமல் நின்று தேர்தல் ஆகியனவும் நல்லனவே. இம்முறை அமெரிக்காவின் மெம்பிசு நகரில் 1916இல் கிளாரன்சு சாண்டர்சு என்பவரால் தொடங்கப்பட்டது. அதே ஆண்டிற்றான் மறைமலையடிகளார் தனித்தமிழ் நெறியைத் தொடங்கினார் என்பது இடையே நினைவுக்கு வருகின்றது. நியூயார்க்கில் 1930இல் மைக்கேல் கல்லன் அதனைப் பெருக்கிப் பேரங்காடியாக்கினார். பின்னர், 1962இல், ஆர்க்கன்சாசு மாநிலத்தில் உரோசர்சு என்னும் சிற்றூரில் சாம் வால்டன் தம் முதல் வால்மார்ட்டுக் கடையைத் திறந்தார். பெருநகரங்களை விட்டு, மற்றவர் பொருட்படுத்தாத சிறு நகரங்களையே அவர் தேடிப் பிடித்தார் என்பதை நாம் குறித்துக்கொள்ளல் நன்று. ஒரு பேரூரிற் பெருங்கடை ஒன்றே நிற்க இயலும். முதலில் நுழைந்து பிறரை முடித்துவிட்டால் பிறகு விலை அதன் கையில். வாலாசாபாத்து போன்ற ஊர்களைப் பெருங்கடைகள் ஏன் நாடுகின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேடவேண்டுவதில்லை.

இனி, நம்மவர் வழக்கமாய்க் கூறும் எதிர்ப்பை எடுத்துக்கொள்வோம். 'வடவர் முதல் வருகின்றது, பணம் மும்பைக்குப் போகின்றது' என்பர். உண்மையே, கணக்கிட்டும் பார்க்கலாம். ஒரு குடும்பம் திங்களுக்கு ஐயாயிரம் உருபா மளிகைக்குச் செலவிடுகின்றது எனக் கொள்வோம். இருநூறு குடும்பம் கடைமாறினால் திங்களுக்குப் பத்து இலக்கம். ஆண்டுக்கு ஒரு கோடியே இருபது இலக்கம். நூற்றுக்கு ஐந்து உருபாவே ஈட்டம் என்றாலும் ஆண்டுக்கு ஆறு இலக்கம் ஊரைவிட்டு வெளியேறும். அந்த ஆறு இலக்கம் முன்பு ஊர்த் தச்சர்க்கும் கொத்தனார்க்கும் பள்ளிக்கும் திருவிழாவுக்கும் போயிற்று.

ஆயினும் முதலாளி தமிழனாயிருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவோர்க்கு ஒரு வரலாறு. 1997இல் சென்னையில், சென்னைக்காரர் ஒருவரால், 'சுபிக்சா' என்னும் தொடர்கடை தொடங்கப்பட்டது. வளம் என்னும் பொருளில் வடமொழிப் பெயர். விலைக்குறைப்பே அதன் வழி. பத்தாண்டு கடந்ததும் இந்தியா முழுவதும் ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு கடைகள் எனப் பரந்தது. 2009இன் தொடக்கத்திற் கையிற் பணமின்றி அனைத்தும் முடங்கின. பணியாளர்க்குச் சம்பள நிலுவை. பொருள் கொடுத்தோர்க்கு விலை நிலுவை. காவலர்க்கும் கூலி கொடுபடாமையால் அவர்கள் விலக, பல கடைகள் சூறையாடப்பட்டன. தெருக்கடை நொடித்தால் ஒரு குடும்பம் நொடிக்கும். இத்தகு தொடர்கடை நொடித்தால் ஆயிரத்து அறுநூறு தெருக்களில் ஒரே கிழமையில் இருள். தமிழ்நாட்டிற் பிறந்த முதலும் கட்டுக்கடங்காமற் பெருகினால் இவ்வாறே முடியும். முதலாளியின் பிறப்பூரைக் கேட்பதோடு நில்லாமல், கடையின் மேல் ஊர்க்கு என்ன பிடி இருக்கின்றது என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

எதிர்ப்பு இங்கே இல்லாமலில்லை. 2007இல் ரிலையன்சு காய்கனிக் கடைகள் சென்னையிற் பரவியபோது மருத்துவர் இராமதாசு கடுங்குரல் எழுப்பினார். பன்பொருட் சில்லறை வணிகத்தில் நூற்றுக்கு ஐம்பத்தொரு பங்கு அயல்முதலை விட நடுவணரசு 2011 நவம்பரில் முடிவுசெய்து, எதிர்ப்பால் நிறுத்திவைத்து, 2012 செபுதம்பரில் மீண்டும் ஒப்பியபோது, தமிழ்நாட்டில் அதற்கு இடமில்லை என்று அன்றைய முதல்வர் செயலலிதா அறிவித்தார். வணிகர் அமைப்புகள் கடையடைத்துப் போராடின. பாராட்டுகின்றோம். ஆனால் அந்த ஒப்பத்திலேயே, பொதுவாகப் பத்து இலக்கத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்கட்கு மட்டும் என்று ஒரு வரம்பு இருந்தது. வாலாசாபாத்து அந்த வரம்புக்குள் வாராது. உள்நாட்டுப் பெருமுதலுக்கோ எந்த வரம்பும் இல்லை. வெளிவாயிலை அடைத்துவிட்டோம் என்று நாம் களிக்கும்போதே கொல்லைவாயில் திறந்து கிடந்தது. இப்பொழுது கடையே இல்லாமல், கைப்பேசியைத் தட்டிய பத்து மணித்துளியிற் பொருளைக் கொணரும் வணிகம் பெருநகரங்களில் வந்துவிட்டது. அது பாலாற்றைக் கடக்க எத்துணை நாள் ஆகும்?

ஊர் தன் கருத்தைக் கூற வழியுண்டா என்பது அடுத்த வினா. பிரான்சில் 1973இல் இயற்றிய உரோயர் சட்டம், நாற்பதாயிரத்துக்குக் குறைந்த மக்கள் வாழும் ஊர்களில் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட விற்பனைப் பரப்புள்ள கடை எதுவாயினும், மாவட்டக் குழுவின் ஒப்புதலின்றித் திறத்தலாகாது என்றது. அக்குழுவில் ஊராட்சியாளரும் சிறுவணிகரும் நுகர்வோரும் இருந்தனர். 1996இல் அவ்வரம்பை முந்நூறு மீட்டராகக் குறைத்து இறுக்கினர். 2008இல் மீண்டும் ஆயிரமாகத் தளர்த்தினர். சப்பானும் அதே 1973இற் பெருங்கடைச் சட்டம் கொணர்ந்து தன் தெருக்கடைகளை நெடுநாள் காத்தது. அமெரிக்க நெருக்கடிக்குப் பணிந்து தளர்த்தி 2000இற் கைவிட்டது. பணம் படைத்த நாடுகளே, முதலாளிய நாடுகளே, இவ்வாறு செய்தன என்பதைக் கருதுக. நம் பேரூராட்சியோ கடைக்கு உரிமம் வழங்கும், வரி வாங்கும், குப்பையை அள்ளும். 'இக்கடை எம்மூர்க்கு வேண்டுமா' என்று கேட்கும் உரிமை மட்டும் அதற்கில்லை. வாலாசாபாத்துக்கு அருகேதான் உத்திரமேரூர். ஊரவைக்கு ஆள்களைக் குடவோலையால் தேர்ந்த முறையை அங்குள்ள 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் கூறும். அவ்வவையில் எல்லாக் குடியினர்க்கும் இடமில்லை. ஆதலின் அதனை வானளாவப் புகழ நாம் முன்வரோம். ஆயினும் ஏரியும் கழனியும் பொன்னும் பற்றி ஊரே முடிவுசெய்தது. ஆயிரத்து நூறு ஆண்டு கழிந்து, ஒரு கடையைப் பற்றிக்கூட முடிவுசெய்ய இயலாத பேரூராட்சியை வைத்துக்கொண்டு மக்களாட்சி என்கின்றோம்.

இனிப் பெயர்ப்பலகைக்கு வருவோம். தமிழை முதலிலும் பெரிதாகவும் எழுத வேண்டும், தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று பங்கு, பிறமொழி இரண்டு பங்கு என்று தமிழக அரசின் ஆணை இருக்கின்றது. ஆணையை மதித்துச் 'சூப்பர் மார்க்கெட்' என்று தமிழெழுத்தில் ஐந்து பங்கு எழுதிவிட்டால் சட்டம் மகிழ்ந்துவிடும், தமிழ் மகிழுமா? அங்காடி என்னும் சொல் சங்க நூல்களிற் பயின்றது. மதுரைக்காஞ்சியில் நாளங்காடியும் உண்டு, அல்லங்காடியும் உண்டு. பகற்கடை, இரவுக்கடை என்று பிரித்துப் பெயரிட்ட மொழிக்குப் பெருங்கடைக்குப் பெயரில்லையா? கன்னடரும் மலையாளியரும் தெலுங்கரும் இன்றும் கடையை அங்காடி, அங்கடி என்றே வழங்க, நாம் மட்டும் 'மார்ட்டு' என்கின்றோம். சிறுகடைக்காரரும் இதிற் குறைந்தவரல்லர். 'ஸ்டோர்ஸ்', 'ஏஜென்சீஸ்', 'டிரேடர்ஸ்' என்று எழுதிவைத்துக்கொண்டு, அயல்முதல் வருகின்றதென்று அவர் கூக்குரலிடுவதைக் கேட்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகின்றது, வருத்தமும் வருகின்றது. ஆனால் பலகையில் நற்றமிழ் எழுதி, உள்ளே ஊரை உறிஞ்சும் கடையை, தமிழ் எழுதியதற்காகவே வரவேற்போம் என்னும் நம் தோழர்களின் கருத்து பிழை. பலகைத் தமிழ் தொடக்கம். அதுவே விலையாகிவிடக் கூடாது.

அக்கடைக்குள் நிற்கப்போகும் பெண்களைப் பற்றியும் ஒரு சொல். நம் வீட்டுப் பெண்களே அவர்கள். நாள் முழுதும் நின்றே வேலைசெய்து காலில் நரம்பு புடைத்தவர்கள். கடைப் பணியாளர்க்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டிற் சட்டம் திருத்தப்பட்டது 2021இற்றான். மனிதர் உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்தது! இருக்கின்ற கடைகளில் அச்சட்டம் நடைமுறையில் உள்ளதா என்று வாலாசாபாத்துத் தோழர்கள் ஒருநாள் சென்று பார்த்து நமக்கு எழுதுக.

அன்பரின் வினாவுக்கு இனி நேர்விடை. ஊர்க்கு எந்தப் பிடியும் இல்லாத இன்னுமொரு பேரங்காடி வாலாசாபாத்துக்கு வேண்டா. வேண்டுவது நெசவாளரே உடைமையராய் நடத்தும் ஓர் அங்காடி. இது கனவன்று, உலகில் இவ்வகைக் கடைக்கு வழிகாட்டியவர்களே நெசவாளர்கள்தாம். இங்கிலாந்தில் இராச்சுடேல் என்னும் ஊரில் இருபத்தெட்டுப் பேர், அவருட் பலர் கம்பளித்துணி நெய்தவர், ஆளுக்கொரு பவுன் சேர்த்து 1844 திசம்பர் 21ஆம் நாள் ஒரு கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சருக்கரை, மெழுகுத்திரி என்று விரல்விட்டு எண்ணத்தக்க பொருள்களே இருந்தன. கலப்படமில்லாப் பொருள், குறையாத எடை, பங்கு எத்துணையாயினும் ஆளுக்கொரு வாக்கு, வாங்கிய அளவுக்கேற்ப ஈட்டத்திற் பங்கு என்பன அவர்தம் நெறிகள். கொள்ளும்போது மிகையாய்க் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறையாய்க் கொடாமலும் வணிகம் செய்தனர் புகார் நகரத்தார் என்று பட்டினப்பாலை கூறும் நெறியும் இஃதன்றோ! அதனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே காஞ்சியையாண்ட இளந்திரையன் மேற் பெரும்பாணாற்றுப்படையும் பாடினார்.

நம் நாட்டிலும் 1904இலேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிவிட்டது. சிந்தாமணி, காமதேனு என்று கூட்டுறவுப் பேரங்காடிகள் பின்னர் எழுந்தன. பெயர் வடமொழியாயினும் உடைமை மக்களுடையது. அவற்றுட் பல ஏன் களையிழந்தன? உறுப்பினர் கடையாயிருந்தது அலுவலர் கடையாயிற்று. தேர்தல் நடவாது, நடந்தால் கட்சிக்காரர் பங்கிட்டுக்கொள்வர். மாலை ஆறு மணிக்குக் கதவடைத்துக்கொண்டு, வேலை முடிந்து வருபவனை வெறுங்கையோடு அனுப்பும் கடைக்கு யார் போவார்? இக்குறைகளை மறைத்துவிட்டுக் கூட்டுறவைப் பரிந்துரைத்தால் ஊரார் நம்மைப் பார்த்து நகைப்பர்.

இராச்சுடேல் நெசவாளர் கடனுக்கு விற்பதில்லை என்று உறுதிபூண்டனர். கடைக்கடனில் மூழ்கிக் கெட்டவர்களாதலின் அந்த உறுதி. நம் ஊரில் அந்த ஒரு நெறியை மட்டும் மாற்றியமைக்க வேண்டும் என்பது எம் கருத்து. காஞ்சிப் பகுதியில் நெசவாளர் கூட்டுறவுக் கழகங்கள் முன்னமே உள்ளன; எந்தத் தறியில் எந்தச் சேலை ஏறியிருக்கின்றது, அதற்குக் கூலி எவ்வளவு என்பது அக்கழகத்தின் ஏட்டில் இருக்கின்றது. அந்த ஏட்டையே பிணையாகக் கொண்டு, தறியிலிருக்கும் சேலையின் கூலியிற் பாதியளவுக்கு அங்காடி பொருள் கொடுக்கலாம். சேலை அறுத்த அன்று கழித்துக்கொள்ளலாம், வட்டி வேண்டா. மளிகைக்கடைக்காரர் நெஞ்சில் வைத்திருந்த அறிவு இவ்வாறு ஊரார் அனைவர்க்கும் பொதுவான ஏட்டுக்கு வரும். ஒன்றை இரண்டாக்கும் திருட்டுக்கும் இடமிராது. தென்னேரி நீர் பாயும் வயல்களின் நெல்லை அறுவடைக் காலத்திலேயே உழவரிடம் நேராகக் கொள்ளலாம். 1999இல் மதுரையில் முதல் உழவர்சந்தை தொடங்கியபோதும், இடையில் ஆளின்றி உழவர் விற்க இயலுமா என்று ஐயுற்றவர் பலர்.

சிறுகடைக்காரரைப் பகைத்துக்கொண்டு இதனைச் செய்ய வேண்டுவதில்லை. அவர்களையும் உறுப்பினராக்கி, மொத்தக் கொள்முதலை ஒன்றாகச் செய்தால், பெருங்கடைக்குக் கிடைக்கும் விலை அவர்கட்கும் கிடைக்கும். தெருமுனையிற் பத்து உருபாவுக்குப் பருப்பு வாங்கும் பாட்டிக்குத் தெருமுனையிலேதான் கடை வேண்டும். கடலூர்ச் சின்னிகிருட்டிணன் எழுபதுகளில் தலைக்குத் தேய்க்கும் சாம்பைச் சிற்றுறைகளில் அடைத்தபோது, ஏழையின் வாங்கும் அளவு எது என்பதை அறிந்தே அடைத்தார். திங்களுக்கு ஒருமுறை வண்டி நிறைய வாங்குவோர்க்காக மட்டும் ஊர் இல்லை.

இடம், முதல், பதிவு, கணக்கு என்று தொல்லைகள் பல வரும். இருபத்தெட்டுப் பேர் சேர்வதே முதலிற் கடினமாயிருக்கும். தறிக்காரர் ஒருவர் சேர்ந்தால் மற்றவர் 'அவன் இருக்குமிடத்தில் நானா' என்பார். அந்தச் சண்டையைத் தீர்க்கும் வேலை நம் இயக்கத் தோழர்களுடையது. மேடையேறித் தமிழ் வாழ்க என்பதினும் அது கடுமையான வேலை. பெருங்கடை வந்து நின்றபின் அதன் வாயிலில் மறியல் செய்வதைக் காட்டிலும் பயனுள்ள வேலையும்கூட. இதற்கிடையே, பேரூராட்சிக் கூட்டத்தில் இக்கடை பற்றி ஊரார் கருத்தைக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றக் கோருங்கள். சட்டப்படி அத்தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆயினும் ஊர் ஒருமுறை தன் வாயைத் திறந்தது என்று ஏட்டில் இருக்கும்.

மடலின் ஓரத்தில் அன்பர் கேட்டிருந்த சிறு வினா இது: அத்தகைய கடை ஒன்று அமைந்தால் அதற்கு என்ன பெயர் வைக்கலாம்? காஞ்சிக்கு வந்து பசித்தோர்க்கெல்லாம் சோறிட்ட மணிமேகலையைப் பாடியவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். கூலம் விற்றவர்தாம் காப்பியமும் செய்தார். கூலவங்காடி என்று எம் நெஞ்சிற் படுகின்றது. ஆனால் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இருபத்தெட்டுப் பேர் கையொப்பமிட்ட தாளை முதலில் விடுத்து வையுங்கள்.